மாப்பிள்ளை தோற்கும் நேரம்

3-4-1974, புதன்கிழமை

பால் காலை 6-10க்கு வந்தது. பத்து நிமிடத் தாமதம்.

பேருந்து நிலையச் சுவரில் புதிய சுவரொட்டி ஒன்றைக் கண்டேன். ‘பூலோக மல்யுத்தக் கம்பெனியார் வழங்கும் மாபெரும் குஸ்திப் போட்டிகள். கும்பகோணம் பொருட்காட்சித் திடல். புதன், ஞாயிறு மாலை 6-30. ஏப்ரல் 31 முடிய.’ ஏப்ரல் மாதத்துக்கு முப்பது நாட்களே என்பதை அறியாதவர்கள் ஊரைக் கூட்டிப் போட்டி நடத்தப் புறப்பட்டிருக்கிறார்கள். தவறைக் குறித்துக்கொள்வதற்காக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகே சென்றேன்.

சுவரொட்டியின் இடப் பாதியில் வெள்ளை உடுப்பில் கைகூப்பியபடி ஒருவர். ‘நீதிமான் நாகப்பன்’ என்று போட்டிருந்தது. வலப் பாதியில் கறுப்புக் கால்சட்டையுடன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருவர். அவர் கழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘சர்க்கரை இருப்பு இல்லை.’ அவருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘ரேஷன் ராட்சசன்’.

அது என் மாப்பிள்ளை.

ஐயத்துக்கு இடமில்லை. இடது புருவத்தின் மேலுள்ள தழும்பு 14-8-1964 அன்று மண்டலக் கால்பந்துப் போட்டியில் கோல் கம்பத்தில் மோதியதால் உண்டானது. அப்போது நான் பதினைந்தடி தொலைவில் இருந்தேன்.

4-4-1974, வியாழக்கிழமை

மனைவி தையல்நாயகியிடம் சொல்லவில்லை. வெயில் கடுமை.

5-4-1974, வெள்ளிக்கிழமை

மனம் தெளிவுபடும் பொருட்டு உண்மைகளை வரிசையாக எழுதிக்கொள்கிறேன்.

நான் தாலுகா அலுவலகப் பதிவறை எழுத்தராக இருந்து 30-6-1965 பிற்பகல் ஓய்வு பெற்றவன். அன்றியும் 1938 முதல் 1971 முடிய மாவட்ட விளையாட்டுப் போட்டிகளின் நேரக் காப்பாளன். முப்பத்துமூன்று ஆண்டுகளில் என் கடிகாரத்தின் மீது எழுத்துபூர்வமான புகார் ஒன்றுகூட வந்ததில்லை.

மாப்பிள்ளை கலியமூர்த்தியை நான் முதன்முதலில் கண்டது 1962 டிசம்பரில், 110 மீட்டர் தடை ஓட்டத்தில். பின்னர் கோலூன்றித் தாண்டுதல், கால்பந்தில் கோல் காப்பு, எடை தூக்குதல், கைப்பந்து, கபடி. ஆக ஆறு விளையாட்டுகள். ஆறிலும் மாநில அளவில் இரண்டாமிடம். ஒன்றிலேனும் முதலிடம் இல்லை. தடை ஓட்டத்தில் முதலில் வந்தவருக்கும் இவருக்கும் இடையே விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அவர் 15.3, இவர் 15.4. கம்பத்தருகே நின்ற நடுவர்கள் தீர்மானிக்க இயலாமல் என் கடிகாரத்தைக் கேட்டார்கள். நான் கூறினேன். அவ்வளவே.

சம்பந்தம் பேசியபோது எல்லாரும் ஜாதகம் கேட்டார்கள். நான் சான்றிதழ்க் கோப்பைக் கேட்டேன். நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள், தேதி வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. இத்தகைய கோப்பு வைத்திருப்பவருக்குத் தயங்காமல் பெண் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். கைப்பந்துக்காக அவருக்கு வேலை கொடுத்திருந்த மில், சென்ற ஆண்டு அணியைக் கலைத்து அவரையும் அனுப்பிவிட்டது. ஜனவரி முதல் மகள் செண்பகவல்லி எங்களுடன் இருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை புதுக்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பதாகத்தான் என்னிடம் கூறப்பட்டது.

8-4-1974, திங்கட்கிழமை

நேற்று மாலை பொருட்காட்சித் திடலுக்குச் சென்றேன். அந்த நபர் அவர்தானா என்று சரிபார்ப்பதே நோக்கம். வேறு ஆர்வம் எதுவுமில்லை. கைவசம் கடிகாரமும் இருந்தது.

அவர்தான். கழுத்தில் பலகை, தோளில் சாக்கு, கையில் தடித்த பேரேடு. கோதாவில் ஏறியவுடன் நாற்காலி போட்டு அமர்ந்து, விரலை எச்சில் தொட்டுப் பேரேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சரியாக இரண்டு நிமிடம் பத்து விநாடி புரட்டினார். இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். பிறகு பேரேட்டை மூடிவிட்டு ஒலிபெருக்கியில், “இன்னிக்கு இல்ல, போயிட்டு நாளைக்கு வா” என்றார்.

அதன் பிறகு எழுந்த கூச்சலை நான் 1947 ஆகஸ்டுக்குப் பின் கேட்டதில்லை. பெண்கள் தங்கள் குடும்ப அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவற்றை ஆட்டி ஆட்டித் திட்டினார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள், மடியில் வறுத்த கடலையை வைத்துக்கொண்டு, என்னிடமே முறையிட்டார். “இவனுக்கும் ஒருத்தன் பொண்ணு குடுத்திருப்பான் பாருங்க. அவன நிக்க வச்சிக் கேக்கணும்.” நான் தண்ணீர் குடித்தேன்.

மாப்பிள்ளை, நாகப்பன் என்னும் அந்த ஆளின் கண்ணில் சாக்கிலிருந்து கல் கலந்த அரிசியை வீசினார். இது விதிக்குப் புறம்பானது. எனினும் வீசிய முறை நேர்த்தியாக இருந்தது. 22 நிமிடம் 35 விநாடியில் நாகப்பன் அவரைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு மேலே படுத்துக்கொண்டார். நடுவர் மூன்று எண்ணினார். மூன்று எண்ணுவதற்கு மூன்று விநாடி ஆகவேண்டும். அவர் ஒன்றே முக்கால் விநாடியில் எண்ணி முடித்துவிட்டார். இது அப்பட்டமான அநீதி. கம்பெனி முதலாளி திரு. மரியசூசை அவர்களுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதி இன்று காலை 9-20க்குத் தபாலில் சேர்த்தேன். ஏப்ரல் 31 பற்றியும் குறிப்பிட்டுள்ளேன்.

9-4-1974, செவ்வாய்க்கிழமை

தையல்நாயகியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “அந்தப் பலகைக்குக் கயிறு கோத்துக் குடுத்ததே நான்தான்” என்றாள். எழுத்து எழுதியது செண்பகவல்லியாம். இருவருக்கும் ஜனவரி முதலே தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்லியிருந்தால் முதல் நாளே கடிதம் எழுதத் தொடங்கியிருப்பேன் என்று காரணம் கூறினாள்.

இது நியாயமான பதில் அல்ல.

11-4-1974, வியாழக்கிழமை

மாப்பிள்ளை வந்தார். கொல்லைப்புற வழியாக வந்தார். தெரு வழியே வந்தால் கல்லெறிகிறார்களாம். “வாங்க மாப்பிள்ளை” என்று முறைப்படி வரவேற்றுப் பலகையில் அமரச் சொன்னேன். என் எதிரில் அமரக் கூச்சப்பட்டுச் சுவரோரமாக நின்றார். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன்.

பின்னர் முக்கியமான செய்தியைச் சொன்னார். ஏப்ரல் 31 என்பது அச்சுப் பிழையாம். கடைசி ஆட்டம் மே 12, ஞாயிறு. அன்றைய ஆட்டம் சிறப்பாக அமைந்தால் அவரைக் கம்பெனியில் நிரந்தரமாக்கி, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பையும் கொடுத்து, திருச்சியில் குடியிருக்க வீடும் தருவதாக மரியசூசை வாக்களித்திருக்கிறார். இல்லாவிடில் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. செண்பகவல்லிக்குப் பிரசவம் ஆகஸ்டில். அதற்குள் தனிக்குடித்தனம் வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“அன்னிக்கு ஆட்டம் நல்லா அமைஞ்சாப் போதும் மாமா” என்றார்.

அமையும்படி செய்வோம் என்று உறுதி கூறினேன். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். செண்பகவல்லி அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

14-4-1974, ஞாயிற்றுக்கிழமை

ஆனந்த வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் கூடிவிட்டது.

மாப்பிள்ளை உணவுக்கு வந்தபோது உடன் ஒருவரை அழைத்து வந்தார். நாகப்பன். பெண் கொடுத்த வீட்டுக்கு, தன்னை வாரந்தோறும் தூக்கிப் போடும் ஆளைக் கூட்டி வருவது எந்த ஊர் வழக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் வந்தவுடன் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார். மாப்பிள்ளையை ‘அண்ணே, அண்ணே’ என்றழைத்தார். சளி பிடித்திருந்தது, தையல்நாயகி அவருக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்துக் கொடுத்தாள். எதிராளிக்கு மருந்து கொடுப்பதை நான் விரும்பவில்லை. சைகை செய்தேன். அவள் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு இருவரும் ஒரே சைக்கிளில் புறப்பட்டார்கள். தெருமுனை வந்ததும் நாகப்பன் இறங்கிக்கொண்டு, வேறு யாரோ போல எதிர்ப்பக்கமாக நடந்து போனார். காரணம் தெரியவில்லை.

18-4-1974, வியாழக்கிழமை

இதுவரை நான்கு ஆட்டங்கள் பார்த்துள்ளேன். மாப்பிள்ளை தோற்ற நேரங்களைக் கட்டம் போட்டு எழுதினேன். 7-4: 22-35. 10-4: 22-10. 14-4: 22-40. 17-4: 22-15.

இதைக் கண்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஏதோ பலவீனம் ஏற்படுகிறது. கம்பெனியில் ஒருவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கால அளவை முறையாகக் குறிக்காததன் விளைவு.

அட்டவணையை மாப்பிள்ளையிடம் கொடுத்து விளக்கினேன். இருபது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கக் காலையில் கேழ்வரகுக் கூழும் மாலையில் ஊறவைத்த நிலக்கடலையும் உண்ணவேண்டும் என்றேன். இருபத்திரண்டாவது நிமிடம் தொடங்கும்போது நாகப்பனிடமிருந்து ஐந்தடி விலகியே நிற்கவேண்டும் என்றும் எச்சரித்தேன். அட்டவணையை அவர் நெடுநேரம் பார்த்தார். “சரிங்க மாமா” என்றார். செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மசக்கை.

22-4-1974, திங்கட்கிழமை

நேற்று 22-30. கூழ் வேலை செய்யச் சில நாட்கள் ஆகும்.

ரேஷன் கடையில் தையல்நாயகியை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்களாம். ராட்சசனின் மாமியார் என்று எப்படியோ பரவிவிட்டது. நானே நேரில் சென்றேன். கடைக்காரரும் தம் பங்குக்குக் குறைபட்டுக்கொண்டார். உண்மையாகவே சர்க்கரை தீர்ந்து அவர் பலகை மாட்டினால் சனங்கள் கைதட்டி, “நாளைக்கு வா” என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போகிறார்களாம். இருபது வருடமாகக் கட்டிக்காத்த மரியாதை போய்விட்டது என்றார். வேறு வாசகம் எழுதிக்கொள்ளும்படி ஆலோசனை கூறினேன்.

29-4-1974, திங்கட்கிழமை

நேற்றைய ஆட்டத்தில் மாப்பிள்ளையைக் குறி வைத்து வீசப்பட்ட செருப்பு, கோதா ஓரம் மணியடிக்க அமர்ந்திருந்தவரின் கண்ணைத் தாக்கிவிட்டது. இன்று காலை 10-15க்கு மரியசூசை வீட்டுக்கே வந்தார். பருத்த உடல், மெல்லிய குரல், விரலில் செபமாலை மோதிரம்.

“அய்யா, நீங்க எனக்கு ஏழு கடுதாசி எழுதியிருக்கீங்க” என்றார்.

“எட்டு” என்றேன்.

“எட்டாவது இன்னும் வரல. பரவாயில்ல. பேசாம நீங்களே வந்து மணிகிட்ட உக்காந்துருங்க.”

கடிதங்களால் விளைந்த பயன் என்று மகிழ்ந்தேன். ஆயினும் ஆட்டக்காரர் ஒருவரின் மாமனார் நேரம் பார்ப்பது முறையாகுமா என்று கேட்டேன். அதெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அவர் அலட்சியமாகக் கூறினார். முப்பது நிமிட எல்லை உண்டல்லவா என்றேன். அது சும்மா நோட்டீசில் போடுவது என்றார். விதி என்றால் விதிதான் என்றேன். “ஆமா ஆமா” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்.

30-4-1974, செவ்வாய்க்கிழமை

என் மனசாட்சி இடம் தரவில்லை. வெள்ளைத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதித் திடல் வாயிலில் நானே ஒட்டிவிட்டு வந்தேன்: ‘நேரக் காப்பாளர் ஆ. திருஞானம், ரேஷன் ராட்சசன் எனப்படும் திரு. கலியமூர்த்தியின் மாமனார் ஆவார் என்பதைப் பொதுமக்கள் அறிவார்களாக. ஆட்சேபம் உடையோர் 5-5-1974 மாலை 5 மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.’

6-5-1974, திங்கட்கிழமை

ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. நேற்று 22-20. மணி நல்ல வெண்கலம். நாதம் ஒன்பது விநாடி நிற்கிறது.

13-5-1974, திங்கட்கிழமை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று கூட்டம் நாலாயிரத்துக்குக் குறையாது. நாகப்பனுக்குச் சளி முற்றிக் காய்ச்சலாகியிருந்தது. கால் தள்ளாடியது. இருபத்திரண்டாவது நிமிடம் அவர் மாப்பிள்ளையைத் தூக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டார். மாப்பிள்ளை தோற்கவில்லை. இருபத்துமூன்று ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று. கேழ்வரகு தன் வேலையைக் காட்டிவிட்டது என்று எண்ணினேன். மாப்பிள்ளை அடிக்கடி தாமாகவே மல்லாந்து படுத்தார். களைப்பாக இருக்கும் என்று நினைத்து, “எழுந்திருங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். பதவிக்கு ஒவ்வாத செயல். ஒரு முறைதான் சொன்னேன்.

திரைச்சீலை அருகே நின்ற மரியசூசை என்னைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டினார். பதிலுக்கு நானும் கையசைத்தேன்.

29 நிமிடம் 58 விநாடியில் நாகப்பன் உயிரைக் கொடுத்து மாப்பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. அந்தக் கணத்தில் முப்பது நிமிடம் நிறைவுற்றது. மணியை அடித்தேன்.

ஒன்பது விநாடி ஒருவரும் மூச்சுவிடவில்லை. நாகப்பன் மாப்பிள்ளையைத் தலைக்கு மேல் வைத்தபடியே என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையும் தலைகீழாகத் தொங்கியபடி என்னைப் பார்த்தார். நடுவர் வானத்தைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, “காலம் முடிந்தது, ஆட்டம் சமன்” என்று அறிவித்தேன்.

அப்போதுதான் யாரோ ஒருவன் வாயிலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்து வந்து உரக்கப் படித்தான்.

முதல் நாற்காலி என் வலப்பக்கம் விழுந்தது. இரண்டாவது மேசை மீது விழுந்தது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை, ஏனெனில் அதற்குள் மாப்பிள்ளை கோதாவின் கயிற்றைத் தாண்டிக் குதித்து, என்னை அலாக்காகத் தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தார். எதிரே கவிழ்ந்து கிடந்த நாற்காலி வரிசைகள் நான்கு. மூன்று தப்படி, ஒரு தாண்டல். மூன்று தப்படி, ஒரு தாண்டல். தாள லயம் சற்றும் பிசகவில்லை. நான் ஐம்பத்தெட்டு கிலோ. இவ்வளவு பாரத்துடன் ஒருவர் தடை தாண்டி ஓடியதாக எந்தப் பதிவிலும் நான் கண்டதில்லை.

கூடாரத்தின் பின்புறம் தண்ணீர்த் தொட்டியருகே என்னை இறக்கி உட்காரவைத்தார். மரியசூசை வந்தார். என்னைத் திரும்பியும் பாராமல் மாப்பிள்ளையிடம், சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடும்படி மெல்லிய குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

தோற்காத மனிதரை ஏன் வெளியேற்றுகிறார்கள் என்று கேட்டேன். நியாயம் கேட்டுக் கடிதம் எழுதப் போவதாகக் கூறினேன். மாப்பிள்ளை என் எதிரில் மண்ணில் குந்தி அமர்ந்தார். இத்தனை ஆண்டுகளில் என் எதிரில் அவர் அமர்ந்தது அதுவே முதல் முறை.

“மாமா, நான் தோக்கணும். அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க.”

எனக்குப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. எல்லாமேவா என்று கேட்டேன்.

“எல்லாமேதான். இருவத்திரண்டுக்கு மேல போனா சனங்களுக்குச் சலிச்சுப் போயிரும்னு அய்யா கணக்கு. இன்னிக்கு நாகப்பனுக்கு முடியல, அதான் இழுத்துருச்சு. இன்னும் மூணு விநாடி குடுத்திருந்தீங்கன்னா அழகா விழுந்திருப்பேன்.”

என் அட்டவணையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். “நீங்க எழுதிக் குடுத்தத மடிச்சிக் கோப்புல வச்சிருக்கேன் மாமா. நூத்திப் பதிமூணாவதா.”

முப்பத்துமூன்று ஆண்டுகளாக, வெல்வதற்கு ஓடியவர்களை மட்டுமே பார்த்தவன் நான்; தோற்பதற்கென்று ஒரு வேலை இருப்பது அவமானமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவருக்குக் கோபம் வரவில்லை.

“கோல் காப்புல கத்துக்கிட்டதாலதான் அடிபடாம விழுறேன். கம்பு ஊணித் தாண்டுனதாலதான் அவ்வளவு உசரத்துலேர்ந்து போட்டாலும் முதுகு தாங்குது. எடை தூக்குனவனுக்குத்தான் தன்னைத் தூக்குறவனுக்குப் பாரம் தெரியாம எப்படி ஏறணும்னு தெரியும். ஆறு விளையாட்டையும் போட்டுத்தான் மாமா தோக்குறேன். வேற யாராலயும் இப்படித் தோக்க முடியாது.”

இருவரும் வயல் வழியாக நடந்து வீடு வந்தோம்.

15-5-1974, புதன்கிழமை

மாப்பிள்ளை இங்குதான் இருக்கிறார். விண்ணப்பம் எழுதத் தாள் கேட்டார். கொடுத்தேன். பால் சரியான நேரத்துக்கு வந்தது.

16-5-1974, வியாழக்கிழமை

மரியசூசை மீண்டும் வந்தார். மூன்று நாட்களாக மக்கள் திடல் வாயிலில் கூடி, ‘கள்ள மணி கிழவன்’ மறுபடி எப்போது வருவான் என்று கேட்கிறார்களாம். அடித்து நொறுக்குவதற்காகவே வருவோம் என்கிறார்களாம். பாபநாசத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வரத் தயாராம். இருபது ஆண்டுத் தொழிலில் ஒரு மனிதரை ஊர் இவ்வளவு வெறுத்து அவர் கண்டதில்லை என்று, ஏதோ விருது வழங்குபவரைப் போல என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் முன்வைத்த ஏற்பாடு இது. ஞாயிறு 19-5 அன்று கூடுதலாக ஓர் ஆட்டம். நீதிமான் ராட்சசனைத் தூக்கி அடித்து, மேலே படுத்து, நடுவர் இரண்டு எண்ணியதும், முப்பது நிமிடம் ஆவதற்கு முன்பே நான் மணியடித்து மாப்பிள்ளையைத் தப்பவைக்க வேண்டும். வேண்டுமென்றே. பிறகு ஊர் ஊராக இதையே செய்யலாம். சம்மதித்தால் மாப்பிள்ளைக்கு நிரந்தரம், பயிற்சியாளர் பொறுப்பு, திருச்சி வீடு எல்லாம் உண்டு. இருவரும் சேர்ந்தால்தான், ஒருவர் மட்டும் கிடையாது.

பொய்யான நேரத்தை அறிவிப்பது என்னால் இயலாது என்றேன்.

மரியசூசை மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்காமலே, “வேணாம்ங்க அய்யா. மாமா பேரு கெட்டுரும்” என்றார். வாசல் வரை சென்று அவரை வழியனுப்பினார்.

17-5-1974, வெள்ளிக்கிழமை

செண்பகவல்லி என் அறைக்கு வந்து கதவோரம் நின்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

“அறுவத்திரண்டுல அந்தத் தடை ஓட்டத்துல தன்னோட நெஞ்சுதான் முதல்ல நூலத் தொட்டுச்சுன்னு அவருக்குத் தெரியுமாம்ப்பா. நூல் அறுந்தது தன் மேலதான்னு சொல்வாரு.”

அப்படியானால் அன்றே ஏன் முறையிடவில்லை என்று கேட்டேன்.

“முறையிட்டா உங்க வாட்சு தப்புன்னு ஆயிடும்ல. அப்ப உங்கள யாருன்னே அவருக்குத் தெரியாது. ஆனா வாட்சு வச்சிருந்த மனுசன் முகத்தப் பாத்தா பொய் சொல்றவர் மாதிரி இல்லன்னு விட்டுட்டாராம்.”

அவள் போன பிறகு 1962 பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 15.4 என்றுதான் இருக்கிறது. என் கையெழுத்து. மையில் எந்த நடுக்கமும் இல்லை.

18-5-1974, சனிக்கிழமை

காலை 7-00 மணிக்கு மரியசூசையின் விடுதிக்குச் சென்று சம்மதம் தெரிவித்தேன். மூன்று நிபந்தனைகள் விதித்தேன். ஒன்று, நடுவர் இனிமேல் ஒவ்வோர் எண்ணுக்கும் முழு விநாடி கொடுக்கவேண்டும். இரண்டு, எத்தனை விநாடி முன்னதாக மணியடிக்கவேண்டும் என்பதை எனக்கு எழுத்து மூலம் தரவேண்டும். உத்தேசமாக என்னால் ஏமாற்ற இயலாது. மூன்று, மாப்பிள்ளைக்கான நிரந்தர உத்தரவு ஆட்டத்துக்கு முன்பே கையெழுத்தாக வேண்டும்.

இருபது விநாடி என்று எழுதிக் கொடுத்தார். உத்தரவிலும் கையெழுத்திட்டார். மணியடித்ததும் எழுந்து நின்று மார்பை நிமிர்த்திக் கூட்டத்தைத் திமிராகப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பத்து விநாடி போதும், அதற்கு மேல் ஆபத்து என்றார்.

பிற்பகல் கண்ணாடி முன் திமிராகப் பார்க்கப் பயின்றேன். தையல்நாயகி எட்டிப் பார்த்துவிட்டு, பயிற்சி தேவையில்லை, வழக்கம்போல இருந்தாலே போதும் என்றாள்.

20-5-1974, திங்கட்கிழமை

நேற்றைய கூட்டம் ஆறாயிரம். நான் நுழைந்தபோது எழுந்த ஓசைக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு அதில் பாதிகூட எழவில்லை.

நாகப்பனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஆட்டம் ஒழுங்காகச் சென்றது. என்ன நடக்கிறது என்று அறிந்து பார்ப்பது இதுவே முதல் முறையாதலால், மாப்பிள்ளை விழும் விதத்தை நேற்றுத்தான் சரியாகக் கவனித்தேன். பதினேழு முறை விழுந்தார். ஒரு விழுகைபோல் மற்றொன்று இல்லை. ஒரு முறை விழும்போது நாகப்பனின் தலை தரையில் படாதபடி தம் உள்ளங்கையை அடியில் கொடுத்தார். ஆறாயிரம் பேரில் அதைக் கண்டவன் நான் ஒருவனே. அதற்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு எதுவும் நாட்டில் இல்லை.

29 நிமிடம் 38 விநாடி. நீதிமான் மேலே படுத்திருந்தார். நடுவர் முழு விநாடி கொடுத்து ஒன்று என்றார். முழு விநாடி கொடுத்து இரண்டு என்றார். என் கடிகாரத்தில் இன்னும் இருபது விநாடி இருப்பதைத் தெளிவாகக் கண்டேன். மணியை அடித்தேன். ஒலிபெருக்கியை வாங்கி, “முப்பது நிமிடம் நிறைவுற்றது” என்று அறிவித்தேன். பதிவேட்டில் 30-00 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையான நேரம் 29-40. அது இந்த நாட்குறிப்பில் மட்டுமே இருக்கும்.

மாப்பிள்ளை படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ராட்சசன் சிரிக்கக் கூடாது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கியதை மக்கள் ஆணவம் என்று எடுத்துக்கொண்டு மேலும் கொதித்தார்கள்.

தக்காளி, வாழைப்பழத்தோல், ஒரு குடையின் கைப்பிடி ஆகியவை வந்து விழுந்தன. “அட கள்ளக் கிழவா, உனக்கெல்லாம் வீட்டுல சோறு போடுறாளே, அவளச் சொல்லணும்” என்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் எல்லாவற்றையும் மீறிக் கேட்டது. அந்தக் குரலை நாற்பத்தொரு ஆண்டுகளாக அறிவேன். பக்கத்திலிருந்தவர்கள் கைதட்ட, தையல்நாயகி பெஞ்சின் மீதே ஏறி நின்றிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். மார்பை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தேன். கடிகாரம் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து விநாடி என்று சொல்லியிருந்தார்கள்.

பதினான்கு விநாடி நின்றேன்.